கோடை லீவுல ஆறு வாரம் காலேஜ் வாழ்க்கை: அப்வர்ட் பவுண்ட்னா என்ன, யாருக்கு?

போன ஏப்ரல்ல எங்க சித்தி பொண்ணு, எனக்கு அக்கா முறை, நியூ ஜெர்சில இருந்து போன் பண்ணாங்க, குரல்லயே சந்தோஷம் தெரிஞ்சுது. "டேய், பாப்பா செலக்ட் ஆயிட்டாடா, பெரிய யுனிவர்சிட்டில சம்மர் ப்ரோக்ராமாம், வீட்டுக்கே லெட்டர் வந்திருக்கு, தங்க கலர்ல முத்திரையெல்லாம் போட்டு"ன்னாங்க. பாப்பாங்கறது அவங்க பொண்ணு, பத்தாவது படிக்கறா. நான் லெட்டர போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன், ரெண்டாவது பக்கத்துல அடியில சின்ன எழுத்துல இருந்துச்சு, ஒன்பது நாளுக்கு நாலாயிரத்து சொச்சம் டாலர், ஃப்ளைட் டிக்கெட் நம்ம செலவு. இன்னும் நல்லா படிச்சு பாத்தா அத நடத்தறது அந்த யுனிவர்சிட்டியே இல்ல, ஒரு தனியார் கம்பெனி, லீவுல காலியா கெடக்கற ஹாஸ்டலையும் கிளாஸ் ரூமையும் வாடகைக்கு எடுத்து நடத்துது. பொண்ணு எப்படி செலக்ட் ஆனான்னு கேட்டேன், ஸ்கூல்ல ஏதோ ஒரு சர்வேல ஈமெயில் குடுத்தாளாம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு அன்னிக்கு ஒரு மணி நேரம் விளக்கி சொன்னதத்தான் இப்ப எழுதறேன், ஏன்னா அமெரிக்கால பிள்ளைங்கள படிக்க வைக்கற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு. ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும்தான் அங்க ஹைஸ்கூல், ஜூன் பாதியில ஸ்கூல் மூடினா ஆகஸ்ட் கடைசி இல்லாட்டி செப்டம்பர் வரைக்கும் லீவு, கிட்டத்தட்ட பத்து வாரம். அந்த பத்து வாரத்துல பிள்ளைங்கள காலேஜுக்கு தயார் பண்றோம்னு சொல்லிட்டு ஆயிரக்கணக்குல ப்ரோக்ராம் நடக்குது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பேரு, ப்ரீ காலேஜ், காலேஜ் ப்ரெப், சம்மர் பிரிட்ஜ்னு. ஆனா உள்ள இருக்கறது முழுக்க வேற வேற சரக்கு. ஒரு பக்கம் காசு வாங்கிட்டு நடத்தறது, இன்னொரு பக்கம் காசே வாங்காம, சொல்லப்போனா பிள்ளைங்க கையில கொஞ்சம் காசு குடுத்து நடத்தறது. ரெண்டாவது வகையில ஒண்ணுதான் அரசாங்க மானியத்துல காலேஜுங்க நடத்தற அப்வர்ட் பவுண்ட், அதப் பத்தி தான் நம்ம வாட்ஸப் குரூப்புங்கள்ல யாரும் பேசறதில்ல.

நான் அங்க மாஸ்டர்ஸ் படிச்சப்போ ரெண்டு கோடை அப்வர்ட் பவுண்ட்ல மேத்ஸ் ட்யூட்டரா இருந்தேன், ஸ்டூடண்ட் விசால கேம்பஸ் வேலை பாக்கலாம்ங்கறதால கெடச்ச வேலை, பிள்ளைங்களோட அதே டார்ம்ல, அதாவது காலேஜ் ஹாஸ்டல்ல, தங்கணும், ஒரு ஃப்ளோருக்கு ஒருத்தர். சும்மா சம்மர்ல கைச்செலவுக்குன்னு போனவன் தான், ஆனா இன்னிக்கு வரைக்கும் நான் பாத்த வேலைங்கள்ல மனசுல நிக்கறது அது ஒண்ணுதான்.

ஒரு பையன் கதைய மொதல்ல சொல்லிடறேன், அப்பதான் இந்த ப்ரோக்ராம் எதுக்குன்னு புரியும். பதினொண்ணாவது முடிச்ச பையன், அப்பா கோழி இறைச்சி ஃபேக்டரில வேலை, அம்மா ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றாங்க, ரெண்டு பேரும் ஹைஸ்கூல் தாண்டல. மேத்ஸ்ல நல்லா வருவான். மொத வாரம் குடுத்த சிலபஸ் பேப்பர்ல ஆபீஸ் அவர்ஸ், செவ்வாய் ரெண்டு டு நாலுன்னு போட்டிருந்துச்சு. மூணாவது வாரம் லாகரிதம் பிடிபடாம தவிக்கறான், ஏண்டா ஆபீஸ் அவர்ஸ்ல போய் கேக்கலன்னு கேட்டேன். "அந்த டைம்ல அவருக்கு ஆபீஸ் வேலை இருக்கும்ல, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு தான போட்டிருக்காங்க"ன்னான். அவன் சொன்னது தப்பே இல்ல, அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் வச்சு பாத்தா அப்படித்தான் அர்த்தம் வரும். அது வாத்தியார் கதவ தொறந்து வச்சிட்டு உனக்காக உக்காந்திருக்கற நேரம்னு அவனுக்கு யாரு சொல்லி குடுப்பா? காலேஜ் போன அப்பா அம்மா இருக்கற வீட்டுல இது சாப்பாட்டு மேசையில தானா வந்து விழற விஷயம். அடுத்த செவ்வாய் நானே கூட்டிட்டு போனேன், கதவு தொறந்தே தான் இருந்துச்சு, அப்பவும் வராண்டாவுல ஒரு அஞ்சு நிமிஷம் நோட்ட நெஞ்சோட அணைச்சு புடிச்சிட்டு நின்னான். உள்ள போனவன் வெளிய வர நாப்பது நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் கூட போகவே இல்ல, அவனே போயிட்டு வந்தான், கடைசி வாரம் ரெண்டு பேர கூட்டிட்டும் போனான்.

பாடம் சொல்லிக் குடுக்கறது இந்த ப்ரோக்ராம்ல பாதி தான். காலேஜ்ங்கற ஊருக்கு போற வழி தெரிஞ்சவங்க வீட்டுல யாருமே இல்லாத பிள்ளைய அந்த ஊருக்குள்ளயே கொண்டு போய் ஆறு வாரம் குடி வச்சு, கடை எங்க, கெணறு எங்க, யாருகிட்ட என்ன கேக்கணும்னு பழக்கி விடறதுதான் மீதி பாதி, என்ன கேட்டா அதுதான் பெரிய பாதி.

இது எப்ப ஆரம்பிச்சதுன்னா, 1964 ஜனவரில அப்ப ஜனாதிபதியா இருந்த லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரா போர்னு அறிவிச்சாரு, அந்த ஆகஸ்ட்ல பொருளாதார வாய்ப்பு சட்டம்னு ஒண்ணு கையெழுத்தாச்சு, அதுல இருந்து பொறந்தது அப்வர்ட் பவுண்ட். 1965 கோடையில சோதனை முயற்சியா சில காலேஜ்கள்ல நடத்தி பாத்தாங்க, அப்புறம் நாடு முழுக்க போச்சு. ஜான்சன் பத்தி ஒண்ணு சொல்லணும், அவரு அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி, 1928-ல, காலேஜ் படிப்ப நடுவுல நிறுத்திட்டு டெக்சஸ்ல கொட்டுல்லாங்கற சின்ன ஊர்ல மெக்சிகன் வம்சாவளி ஏழைப் பிள்ளைங்களுக்கு வாத்தியாரா இருந்தவரு. 1965 நவம்பர்ல உயர்கல்வி சட்டத்துல கையெழுத்து போட்டப்போ வாஷிங்டன்ல போடல, டெக்சஸ்ல சான் மார்கஸ்ல தான் படிச்ச காலேஜுக்கே போய் போட்டாரு. பசியோட கிளாசுல உக்காந்திருந்த பிள்ளைங்கள நேர்ல பாத்த ஒருத்தர் கையெழுத்துங்கறது எனக்கு பெரிய விஷயமா படுது. அந்த சட்டத்துல டேலண்ட் சர்ச்னு ஒரு திட்டம் சேந்துச்சு, 1968-ல காலேஜுக்குள்ள போனவங்களுக்கு கை குடுக்க மூணாவதா ஒண்ணு வந்துச்சு, மூணும் சேந்ததால ட்ரியோன்னு பேரு. இப்ப அதுக்கு கீழ மூணுக்கு மேலயே திட்டம் இருக்கு, பேரு மட்டும் ட்ரியோவாவே நின்னுடுச்சு.

அமெரிக்க மத்திய அரசாங்கம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா காலேஜுங்களுக்கு மானியம் குடுக்கும், அந்த காலேஜ் பக்கத்துல இருக்கற சில ஹைஸ்கூல்கள புடிச்சு அங்க இருந்து பிள்ளைங்கள சேத்துக்கும். ஸ்கூல் நடக்கற மாசங்கள்ல சாயந்திரம் ட்யூஷன், சனிக்கிழமை கிளாஸ், காலேஜ் பாக்க டிரிப்னு போகும். கோடை வந்தா பல இடங்கள்ல ஆறு வாரம் கேம்பஸ்லயே தங்கல். மேத்ஸ், லேப் சயின்ஸ், கட்டுரை எழுதறது, இலக்கியம், ஒரு அயல்மொழி, இந்த அஞ்சும் கட்டாயம் சொல்லித் தரணும்னு சட்டத்துலயே இருக்கு. ஒழுங்கா வர்ற பிள்ளைங்களுக்கு கோடை மாசங்கள்ல மாசம் 60 டாலர் வரைக்கும், மத்த மாசங்கள்ல 40 டாலர் வரைக்கும் கைச்செலவுக்கு குடுக்கலாம்னும் சட்டம் சொல்லுது. 60 டாலர் அந்த ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு தோணும், ஆனா கோடையில பர்கர் கடை வேலைக்கு போய் வீட்டுக்கு காசு குடுக்கற பிள்ளைய ஆறு வாரம் அனுப்பி வைக்க சொல்லி அப்பா அம்மாகிட்ட கேக்கறோம்ல, சும்மா அனுப்பல, ஏதோ மதிப்பு குடுக்கறாங்கன்னு வீட்டுல சொல்றதுக்கு அது ஆகும்.

மொத நாள் எப்படி இருக்கும்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் டார்ம் வாசல்ல காரா நிக்கும். சில பிள்ளைங்க சூட்கேஸோட வரும், சில பிள்ளைங்க துணிய கருப்பு குப்பைப் பையில போட்டு முடிஞ்சு எடுத்துட்டு வரும், ஏன்னா வீட்டுல யாரும் எங்கயும் பயணம் போனதில்ல, சூட்கேஸ்னு ஒண்ணு வாங்க வேண்டிய தேவையே வரல. ரெண்டாவது வருஷம் எங்க டைரக்டர் அம்மா அதுக்கு ஒரு வழி பண்ணாங்க, வர்ற எல்லாருக்கும் முன்னாடியே ஒரே மாதிரி நீலக்கலர் டஃபிள் பேக் ஸ்கூலுக்கே அனுப்பி வச்சிட்டாங்க, யாரு பை எதுன்னு வித்தியாசமே இல்லாம போச்சு. இந்த மாதிரி சின்ன யோசனைங்களாலதான் அந்த ப்ரோக்ராம் ஓடிச்சு. சாவி கார்டு, ரூம்மேட், பொதுவான பாத்ரூம், வாஷிங் மெஷின்ல எவ்வளவு சோப்பு போடணும், ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் போட்டு வச்சா சண்டை போடாம எப்படி சொல்றது, இதெல்லாம் மொத வாரப் பாடம். அதுவரைக்கும் மூணு தம்பி தங்கச்சிங்களோட ஒரே ரூம்ல படுத்த பொண்ணு ஒருத்தி மொத ராத்திரி தூக்கம் வரல, ரொம்ப அமைதியா இருக்குன்னு வந்து நின்னா. ஃபேன போட்டு விட்டேன், அந்த சத்தத்துல தூங்கிட்டா.

காலையில ஏழரைக்கு டைனிங் ஹால், எட்டரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் கிளாஸ், மத்தியானம் லேப் இல்லாட்டி கட்டுரை வேலை, நாலு மணிக்கு மேல விளையாட்டு, ஏழு டு ஒன்பது கட்டாய படிப்பு நேரம், பத்தரைக்கு எல்லாரும் அவங்கவங்க ரூம்ல இருக்கணும். அந்த ஏழு டு ஒன்பது தான் எங்க வேலை, ஃப்ளோர்ல சுத்தி சுத்தி வந்து யாரு எங்க மாட்டிட்டு நிக்கறாங்கன்னு பாக்கறது. கடைசி வாரம் பஸ் புடிச்சு வேற மாநிலத்துக்கு நாலஞ்சு காலேஜ் பாக்க போவோம், அந்த பிள்ளைங்கள்ல பாதிப் பேர் மாநில எல்லைய தாண்டினது அதுதான் மொத தடவை.

பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைங்களுக்கு பிரிட்ஜ்னு தனியா ஒண்ணு உண்டு, பாலம். அந்த கோடையில அவங்க நெசமான காலேஜ் கிளாஸ் ஒண்ணு ரெண்டு எடுப்பாங்க, பாஸ் பண்ணா கிரெடிட், அதாவது டிகிரிக்கு சேக்க வேண்டிய பாடப் புள்ளி, கணக்குல ஏறும், அதனால செப்டம்பர்ல காலேஜ் தொறக்கும்போது கையில மூணோ ஆறோ கிரெடிட்டோட உள்ள போவாங்க. இந்த பாலம் எதுக்குன்னு எனக்கு மொதல்ல புரியல, காலேஜ் சீட்டு தான் கெடச்சாச்சே, அப்புறம் என்னன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அங்க அதுக்கு சம்மர் மெல்ட்னு பேரு, கோடையில உருகிப் போறதுன்னு அர்த்தம். சீட்டு கெடச்சு, வரேன்னு சொன்ன பிள்ளைங்கள்ல 10-ல இருந்து 20 சதவீதம் பேர் காலேஜ் தொறக்கும்போது வர்றதே இல்ல, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்கள்ல இது இன்னும் அதிகம்னு பென் காசில்மன், லிண்ட்சே பேஜ் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா இத ஆராய்ஞ்சு சொல்லிருக்காங்க.

ஏன் உருகுதுன்னா, ஸ்கூல் முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு படிப்பு விஷயத்துல வழி காட்டற ஸ்கூல் கவுன்சிலர் லீவுல போயிடுவாரு, காலேஜ் ஆளுங்க இன்னும் இவங்கள தன்னோட பிள்ளையா நெனைக்க ஆரம்பிக்கல, நடுவுல ரெண்டு மூணு மாசம் கேக்க ஆள் இல்ல. அந்த நேரம் பாத்துதான் பேப்பர் மேல பேப்பரா வரும், ஹாஸ்டல் டெபாசிட், தடுப்பூசி சர்டிஃபிகேட், எந்த லெவல் கிளாசுல சேக்கணும்னு பாக்கற ப்ளேஸ்மென்ட் டெஸ்ட், ஓரியன்டேஷனுக்கு தேதி, அதுக்கு ஒரு ஃபீஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேணாம்னா வேணாம்னு ஒரு ஃபார்ம், அத நிரப்பலன்னா பில்லுல ஆயிரம் ரெண்டாயிரம் டாலர் தானா ஏறிடும். ஒரு பொண்ணு ஜூலைல என்கிட்ட பில்ல கொண்டு வந்து காட்டினா, நான் போகல அண்ணா, எங்களால முடியாது, ஆயிரத்து தொள்ளாயிரம் டாலர் அதிகமா கேக்கறாங்கன்னு. பாத்தா அந்த இன்ஷூரன்ஸ் தான், அவளுக்கு ஏற்கனவே ஏழைங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் மெடிக்கெயிட் இருக்கு, ஆன்லைன்ல கார்டு நம்பர போட்டு வேணாம்னு அழுத்தினா போதும். ஆறு நிமிஷம் ஆச்சு. அந்த ஆறு நிமிஷத்துக்கு பக்கத்துல ஆள் இல்லன்னா அவ நாலு வருஷப் படிப்பே போயிருக்கும், இத நெனச்சா எனக்கு இப்பவும் வயித்துல என்னமோ பண்ணுது.

ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டி 2016-ல இதுக்காகவே ஒரு சாட்பாட் விட்டுச்சு, பவுன்ஸ்னு பேரு, புதுசா சேரப்போற பிள்ளைங்க போனுக்கு மெசேஜ் அனுப்பி இந்த ஃபார்ம் பாக்கி இருக்கு, அந்த தேதி முடியப்போகுதுன்னு ஞாபகப்படுத்தும், பிள்ளைங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும். வராம போற பிள்ளைங்க அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சாங்க. பிள்ளைங்களுக்கு அறிவு இல்லாததோ ஆர்வம் இல்லாததோ பிரச்சனை இல்லங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

அடுத்தது காசு விஷயம், இத கோடையிலயே சொல்லித் தருவாங்க. ஃபாஃப்சான்னு ஒரு ஃபார்ம், அத நிரப்பினா தான் அரசாங்க உதவி எதுவுமே கெடைக்கும். அதுல வர்ற பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத காசு, 2025-26 படிப்பு வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆனா காலேஜ் அனுப்பற உதவித்தொகை கடிதத்துல கிராண்ட், ஸ்காலர்ஷிப், கேம்பஸ் வேலை, லோன் எல்லாத்தையும் ஒண்ணு கீழ ஒண்ணா போட்டு கூட்டி மொத்தம்னு காட்டிடுவாங்க. அத பாத்துட்டு எனக்கு 28,000 டாலர் குடுத்துட்டாங்கன்னு குதிக்கற பிள்ளைங்கள பாத்திருக்கேன், அதுல பதினஞ்சாயிரம் லோனா இருக்கும், அப்பா அம்மா பேர்ல எடுக்கறது கூட அதுலயே சேந்திருக்கும். நாங்க ஒரு சாயந்திரம் முழுக்க மூணு கலர் மார்க்கர் குடுத்து பேர நீக்கின மாதிரிக் கடிதங்கள்ல கோடு போட வைப்போம், சும்மா வர்ற காசு பச்சை, உழைச்சு வாங்கறது மஞ்சள், திருப்பிக் கட்ட வேண்டியது செகப்பு. கோடு போட்டு முடிச்சதும் ரூமே அமைதியாயிடும். இந்த ஒரு பயிற்சிய மட்டும் நீங்க வீட்டுல உங்க பிள்ளையோட உக்காந்து செஞ்சிடுங்க, எந்த ப்ரோக்ராமும் வேண்டாம்.

சரி, இதுல யார் சேரலாம். எட்டாவது முடிச்சிருக்கணும், வயசு பதிமூணுல இருந்து பத்தொன்பது. சேர்ற பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் ரெண்டு கணக்குலயும் வரணும், குடும்ப வருமானமும் கொறைவா இருக்கணும், அப்பா அம்மா ரெண்டு பேர்ல யாரும் நாலு வருஷ டிகிரி முடிச்சிருக்கவும் கூடாது. மீதி ஒரு பங்கு ரெண்டுல ஏதாவது ஒண்ணுல வந்தா போதும், இல்லாட்டி படிப்புல பின்தங்கிப் போற ஆபத்து அதிகம் இருக்கற பிள்ளையா இருந்தாலும் சரி. வருமானக் கணக்கு வறுமைக்கோட்டுல ஒண்ணரை மடங்கு, 2025 கணக்குப்படி நாலு பேர் குடும்பத்துக்கு 48,225 டாலர். இங்க தான் நெறைய பேர் தப்பா ஒதுங்கிடறாங்க, அது மொத்த சம்பளம் இல்ல, டாக்ஸ் ஃபார்ம்ல கழிவெல்லாம் போக கீழ வர்ற தொகை. எழுபதாயிரம் சம்பாதிக்கற குடும்பம் கூட அந்த கழிவுக்கு அப்புறம் உள்ள வந்துடலாம். குடியுரிமை இல்லாட்டி கிரீன் கார்டு வேணும், நிரந்தரமா தங்கப் போறவங்கன்னு காட்ட முடியற வேற சிலருக்கும் வழி இருக்கு, ஆனா ஹெச் ஃபோர்ங்கற, வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசால இருக்கற நம்ம ஐடி வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது கெடையாது. அந்தப் பிள்ளைங்களுக்கு இது தேவையும் இல்ல, அவங்க வீட்டுல ஆபீஸ் அவர்ஸ்னா என்னன்னு தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்காங்க.

ஆனா அமெரிக்கால இருக்கற தமிழ்க் குடும்பம்னாலே ஐடின்னு நெனச்சிடக்கூடாது, பெட்ரோல் பங்க்குலயும் மோட்டல்லயும் ஹோட்டல் கிச்சன்லயும் நிக்கற நம்ம ஆளுங்க இருக்காங்க, அகதியா வந்த ஈழத்துக் குடும்பங்கள் இருக்கு, அவங்க காதுக்கு இந்த பேரு போய் சேரவே இல்ல. எப்படி சேர்றதுன்னா ரொம்ப எளிசு, உங்க ஹைஸ்கூல் கவுன்சிலர்கிட்ட போய் இந்த ஸ்கூலுக்கு ட்ரியோ அப்வர்ட் பவுண்ட் இருக்கான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எல்லா ஸ்கூலுக்கும் இருக்காது. இருந்தா ஒன்பதாவது, பத்தாவதுலயே சேரணும், பன்னெண்டாவதுல போய் நின்னா அநேகமா எடம் இருக்காது.

இதனால பலன் உண்டான்னு கேட்டா, ரோட் ஐலண்ட்ல சென்ட்ரல் ஃபால்ஸ்ங்கற ஊர்ல பட்டினியோட வளந்த நடிகை வயோலா டேவிஸ் இதுல இருந்து வந்தவங்க, மில்வாக்கில படிச்சப்போ ஓப்ரா வின்ஃப்ரே இதுல இருந்தவங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்றது. ஆனா ரெண்டு பெரிய பேர வச்சு ஒரு திட்டத்த எடை போடறது எனக்கு சரியா படல. அரசாங்கமே 1990-கள்ல ஆரம்பிச்சு பல வருஷம் ஒரு பெரிய ஆய்வு நடத்துச்சு, குலுக்கல்ல எடம் கெடச்ச பிள்ளைங்களையும் கெடைக்காத பிள்ளைங்களையும் பின்தொடர்ந்து பாத்தாங்க. மொத்தமா பாத்தா காலேஜ் சேர்றதுல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. அந்தக் கணக்க போட்ட விதம் சரியில்லன்னு அப்புறம் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. ஆனா அந்த ஆய்வுக்குள்ளயே ஒண்ணு இருந்துச்சு, நான் டிகிரி வாங்குவேன்னு ஆரம்பத்துல நெனைக்காத பிள்ளைங்களுக்கு இது நெசமாவே வித்தியாசம் பண்ணியிருந்துச்சு. நான் ரெண்டு கோடையில கண்ணால பாத்ததும் அதேதான். எப்படியும் போயிடுவேன்னு இருந்த பிள்ளைங்க இது இல்லாட்டியும் போயிருப்பாங்க. வராண்டாவுல நோட்ட அணைச்சுட்டு நின்னவன் தான் போயிருக்க மாட்டான். 2025-ல ட்ரியோ மொத்தத்துக்கும் காசு நிறுத்தணும்னு வெள்ளை மாளிகை பட்ஜெட்ல யோசனை வச்சப்போ எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது அவன் முகம்.

காசு வாங்கற ப்ரோக்ராம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பெரிய யுனிவர்சிட்டிங்க தாங்களே நடத்தறதும் இருக்கு, பல இடங்கள்ல ரெண்டு மூணு வாரத்துக்கே அஞ்சாயிரம் டாலர தாண்டும். கிளாஸ் நல்லாவே இருக்கலாம், பிள்ளைக்கு ஆசையும் உங்களுக்கு வசதியும் இருந்தா அனுப்புங்க, தப்பில்ல, ஆனா அங்க போனா அந்த யுனிவர்சிட்டில அப்புறம் சீட்டு கெடைக்கும்னு நெனச்சு கடன் வாங்கி அனுப்பாதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நெசமாவே போட்டி போட்டு எடுக்கற ப்ரோக்ராம்கள்ல முக்கியமானது சிலது இலவசம். மாசசூசெட்ஸ்ல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டில மைட்ஸ்னு ஒண்ணு 1975-ல இருந்து நடக்குது, பதினொண்ணாவது முடிச்சவங்களுக்கு ஆறு வாரம், தங்கறது சாப்பாடு படிப்பு எதுக்கும் காசு இல்ல, போய் வர்ற செலவு மட்டும் நம்மது. ஆராய்ச்சி செய்ய ஆசைப்படற பிள்ளைங்களுக்கு 1984-ல இருந்து ஆர்எஸ்ஐ, ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட், இப்ப அதுவும் எம்ஐடில தான், அதுவும் இலவசம், ஆனா எடம் ரொம்ப கம்மி. மேத்ஸ் பைத்தியங்களுக்கு 1957-ல ஆர்னால்ட் ராஸ் ஆரம்பிச்ச ராஸ் ப்ரோக்ராம், பாஸ்டன் யுனிவர்சிட்டில ப்ரோமிஸ், இது ரெண்டுக்கும் காசு உண்டு, வசதி இல்லாதவங்களுக்கு உதவியும் உண்டு. இதுக்கெல்லாம் கட்டுரை எழுதணும், வாத்தியார் சிபாரிசு வேணும், குளிர்காலத்துலயே அப்ளிகேஷன் முடிஞ்சிடும். எந்த ப்ரோக்ராமா இருந்தாலும் நான் பாக்கறது ஒண்ணுதான், நீங்க கேக்காமலே தேடி வந்து நீ தேர்வாயிட்டன்னு சொல்லி ஃபீஸ் கேட்டா அது விளம்பரம். அக்கா வீட்டுக்கு வந்ததும் அதுதான்.

அக்காவுக்கு மொதல்ல கொஞ்சம் வருத்தம் தான், ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க போல. பாப்பா அழுதாளாம். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசி பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது உள்ளூர்க்காரங்களுக்கான ரெண்டு வருஷ காலேஜ்ல, கோடையில ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ் எடுத்தா, சில நூறு டாலரோட முடிஞ்சுது, கூட படிச்சவங்கள்ல ஒருத்தர் அம்பது வயசு நர்சாம், அவங்களோட சேந்து தான் ப்ராஜெக்ட் பண்ணியிருக்கா.

போன வாரம் அக்கா மறுபடி போன் பண்ணாங்க. அவங்க வழக்கமா போற இந்தியன் மளிகைக் கடையில பில் போடற ஒரு அண்ணன், யாழ்ப்பாணம் பக்கம், பையன் இப்பதான் ஒன்பதாவது சேந்திருக்கான், கிரீன் கார்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, வீட்டுல யாரும் காலேஜ் பாத்ததில்ல. "டேய், நீ சொன்ன அந்த அப்வர்ட் பவுண்ட், அவங்க ஸ்கூலுக்கு இருக்காம்டா, கவுன்சிலர்கிட்ட நானே கூட போய் கேட்டேன்"ன்னாங்க. ஃபார்ம கடை கவுண்டர்லயே வச்சு, ஆள் இல்லாத நேரமா பாத்து, ரெண்டு நாள்ல நிரப்பி முடிச்சிட்டாங்களாம். டாக்ஸ் பேப்பர் காப்பி மட்டும் பாக்கி, எந்த லைன்ல இருக்கற தொகைய எழுதணும்னு கேக்கத்தான் போன் பண்ணியிருந்தாங்க.